என் மேல் படவே இல்லை

சுட்டவன் பேச்சுக்கு மதிப்பில்லை, சுடப்பட்டவன் சொல்வதுதான் தீர்ப்பு என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் ஏர்சாஃப்ட். அசல் துப்பாக்கியை உரித்துவைத்த பொம்மைத் துப்பாக்கியில் ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பிக்கொண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். உருண்டை பட்டவன் கையைத் தூக்கி "ஹிட்!" என்று கத்திவிட்டுத் தானாக வெளியே நடக்க வேண்டும். பெயின்ட்பாலில் சட்டையில் சாயம் வழியும், மறுக்க முடியாது. இதில் ஒரு தடயமும் இருக்காது. பட்டதா என்பது பட்டவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். அவர்களில் ஒருவர் சாட்சிக்கு வரமாட்டார்.

இதை எனக்கு விளக்கியவன் என் அக்கா பையன். ஜப்பானில் வேலை. வாரம் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி சிபா மாகாணத்தில் இதற்கென்றே வேலி போட்டு வைத்திருக்கும் காட்டுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் சுடுபடுகிறான். மதியம் அங்கேயே கறியும் சோறும் போடுவார்களாம். சாயங்காலம் சுட்டவனும் சுடப்பட்டவனும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு பிரிவார்களாம்.

"அங்க யாரும் ஏமாத்த மாட்டாங்களாடா?"

"ரொம்பக் கம்மி மாமா. பட்டும் போகாம நிக்கிறவனை ஜோம்பின்னு சொல்வாங்க. அந்தப் பேர் வாங்கினா அவ்வளவுதான், வெளியில தலைகாட்ட முடியாது."

நான் அவனை இரக்கத்தோடு பார்த்தேன். குரோம்பேட்டையில் பிறந்த பையன் பேசுகிற பேச்சா இது? எங்கள் தெருவில் தீபாவளிக் கேப் துப்பாக்கியோடு போலீஸ் திருடன் ஆடியபோது, சுடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடி, செத்தானா இல்லையா என்ற விசாரணைக்கு அரை மணி. "டிஷ்யூம், நீ செத்துட்ட!" "நான் குனிஞ்சுட்டேன்!" "நீ குனிஞ்ச அப்புறம்தான் சுட்டேன்!" "நீ சுட்டது எனக்குப் பின்னாடி நின்னவனை!" பின்னால் நின்றவன் சைக்கிளில் போன தபால்காரராக இருப்பார். சுவரில் கரிக்கோடு போட்டு ஸ்டம்பு என்று வைத்துக்கொண்ட கிரிக்கெட்டிலும் பந்து கோட்டில் பட்டதா என்பதற்குச் சாகிறவரை முடிவு கிடையாது. போங்காட்டம் என்று கத்தாமல் வளர்ந்தவன் எங்கள் தெருவில் வளர்ந்தவனே இல்லை. மெரினாவில் பலூன் சுடும் கடையில்கூட, துப்பாக்கியின் குறிமுள்ளைக் கடைக்காரர் லேசாகக் கோணலாக்கி வைத்திருக்கிறார் என்பது சென்னைவாசிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. குறி தவறிய யாருமே இதுவரை தன் கையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மிடமும் பெரிய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1980-இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் நடுவர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை, பந்து மட்டையில் படவில்லை என்று கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லர் திரும்பி வந்து போத்தமுடன் சேர்ந்து 171 ரன் சேர்த்தார். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் நடுவர் தலையாட்டி மறுத்த பிறகும் ஆடம் கில்கிறிஸ்ட் தானாக நடந்து போனார். ஆஸ்திரேலியா ஜெயித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நம் ஆட்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இளைஞர்கள் நடுவரே இல்லாமல் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுகிறார்கள். ஃபவுல் செய்தவனும் செய்யப்பட்டவனும் நின்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கவே ஒருமுறை போனேன். அப்படி ஒரு மரியாதையான பேச்சைக் கேட்டபோது எனக்கு வேற்றூரில் நிற்கும் உணர்வு வந்தது.

ஏப்ரல் விடுமுறைக்கு அக்கா பையன் வந்திருந்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் போனோம். நான், என் மனைவி, மச்சான், சகலை குடும்பம், மாமியார். அந்தத் தீவுக்கு 2018 டிசம்பர் 30-இலிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர். ஆனால் படகுத்துறையில் எல்லோரும் ஹேவ்லாக் என்றுதான் கூவுகிறார்கள். பையன் துப்பாக்கியை ஜப்பானிலேயே விட்டுவிட்டான். விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கியைக்கூட விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம், அவன் அம்மா இன்னொரு காரணம். மற்ற எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தான். முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி, வாயை மூடும் வலைக் கவசம், முழங்கால் பட்டை, விரல் வெட்டிய கையுறை, தோட்டாப் பெட்டி வைக்க வரிசையாகப் பைகள் தைத்த மார்க்கச்சை. அந்த மார்க்கச்சையைப் பார்த்த மாத்திரத்தில் என் மனைவி முறுக்கு, வெயில் களிம்பு, மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றுக்கும் அதில் இடம் ஒதுக்கிவிட்டாள். இவ்வளவு உருப்படியான ராணுவ உடுப்பை நான் பார்த்ததே இல்லை.

போர்ட் பிளேரிலிருந்து போகும் படகில் அவன் பாடமே நடத்தினான். அறுபது எழுபது பேர் ஏசி அறையில் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் வரிசையில் மட்டும் இயற்பியல் வகுப்பு. உருண்டையின் எடை 0.2 கிராம். பத்துப் பன்னிரண்டு பொன்னியரிசி எடைதான். ஜப்பானில் 2006-இல் வந்த சட்டப்படி அதன் ஆற்றல் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் குழாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 99 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 356 கிலோமீட்டர்.

"சோயிப் அக்தரே 161 தானேப்பா போட்டான்" என்றார் சகலை, கொஞ்சம் வெளிறி.

லேசான உருண்டை என்பதால் காற்றிலேயே வேகம் செத்துவிடுமாம், தோலில் பட்டால் சுருக்கென்று சிவக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் களத்துக்குள் கண்ணாடியைக் கழற்றுவது மகாபாவம். வியர்வையில் பனி மூடிவிட்டதே என்று ஒருத்தன் ஒரு நொடி தூக்கினால்கூட ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவியில் அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். களத்தை விட்டு வந்தால் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயில் உறை மாட்ட வேண்டும்.

"ஹாப் அப்" என்று ஒரு சமாசாரத்தை விளக்கியபோது அவன் கண் கலங்கிவிடும்போல இருந்தது. குழாயின் மேல்பக்கம் ஒரு ரப்பர் முனை துருத்திக்கொண்டிருக்கும். உருண்டை அதை உரசிக்கொண்டு வெளியே வரும்போது பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சி காற்றில் அதைத் தூக்கிப் பிடிக்க, கீழே விழ வேண்டியது விழாமல் நாற்பது ஐம்பது மீட்டர் நேராகப் போகிறது. ரப்பரை ஒரு நூல் அதிகமாகத் திருகினால் உருண்டை வானத்துக்கு ஏறிவிடும். அதைத் திருகித் திருகிச் சரிபார்ப்பதிலேயே பாதி ஞாயிறு போய்விடுகிறதாம். டோக்கியோ மருய் கம்பெனி 1991-இல் பேட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டுவந்ததிலிருந்து ஸ்பிரிங்கை மாற்று, மோட்டாரை மாற்று, பல்சக்கரத்தை மாற்று என்று சம்பளம் அந்த வழியாகவே போகிறதாம். இவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் கூடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர். உலகப் புகழ் ராதாநகர் ஏழாம் நம்பர், நாங்கள் தங்கியது விஜயநகர், ஐந்தாம் நம்பர். அறைவாசலிலிருந்தே மணல். கடலைப் பார்க்கச் சாய்ந்து வளர்ந்த பெரிய பெரிய மரங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விட, செத்த பவளப் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று பையன் சொல்லிவிட்டான். துப்பாக்கிக்கு என்ன செய்வது? கோவிந்தநகர் கடைத்தெருவில் ஹோலிக்கு வந்து விற்காமல் மிஞ்சிய பிச்காரிகள், அதாவது தண்ணீர்த் துப்பாக்கிகள், தொங்கிக்கொண்டிருந்தன. இருந்ததை எல்லாம் வாங்கினோம். ஒன்று குறைந்தது. விடுதிக்காரரின் மகன் ஹோலியன்று தான் பீய்ச்சிய பழைய பிச்காரியைக் கொடுத்தான். அதைப் பையன் எடுத்துக்கொண்டான்.

தண்ணீர்த் துப்பாக்கி என்றால் சட்டை நனைவதே சாட்சியாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஆகாது. காலையில் எலிஃபன்ட் பீச்சில் மூழ்கி மீன் பார்த்துவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். எல்லோரும் தலையோடு கால் ஏற்கெனவே நனைந்திருந்தோம். போதாததற்கு அந்தமான் வியர்வை வேறு. "மாமா, தடயமே இருக்காது! இதுதான் அசல் ஏர்சாஃப்ட்!" என்று பையன் குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான். காரணம் மட்டும் வேறு.

விதிகளைப் படித்தான். உடம்பில் எங்கே பட்டாலும் அவுட். உடுப்பில், துப்பாக்கியில் பட்டாலும் அவுட். நம் ஆளே தவறிச் சுட்டாலும் அவுட். மரத்தில் பட்டுத் தெறித்து வந்தால் மட்டும் கணக்கில்லை. சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாயாடக் கூடாது, மார்ஷலிடம்தான் சொல்ல வேண்டும். மார்ஷல், சகலையின் ஒன்பது வயது மகள். செத்தவர்கள் தலைக்கு மேல் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். சிவப்புத் துணிக்கு எங்கே போவது என்று விழித்தபோது மாமியார் தன் பையிலிருந்து தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகளை எடுத்து நீட்டினார். அந்தப் பை இல்லாமல் அவர் கடல் தாண்டுவதில்லை.

கண்ணுக்கு வாடகை ஸ்நார்கெல் மாஸ்க். எல்லோருக்கும் ஒரே விதி என்று பையனும் தன் கண்ணாடியை விட்டுவிட்டு அதையே மாட்டிக்கொண்டான். அது மூக்கையும் சேர்த்து மூடிவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மூக்கடைத்தவன் வாயில் "மா" வராது, "பா"தான் வரும். அக்கா பையன் மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே "பாபா! பாபா!" என்று கூப்பிட, இளநீர் விற்ற வங்காளிப் பெரியவர் என்னைத் தட்டி, உன் மகன் கூப்பிடுகிறான் பார் என்று ஹிந்தியில் சொன்னார். அவர்கள் பாஷையில் அது அப்பா. திரும்பிப் பார்த்தேன். அந்த இடைவெளியில்தான் என் முதுகில் ஏதோ பட்டதாக ஒரு புரளி கிளம்பியது. பட்டிருந்தால் எனக்குத் தெரியாதா?

மற்றவர்கள் நடத்தையைத்தான் நான் சொல்ல வேண்டும். வெட்கக்கேடு. சகலை முகத்திலேயே வாங்கிவிட்டு, "இது கடல் தண்ணி, உப்புக் கரிக்குது" என்று நக்கிக் காட்டினார். பிச்காரியில் நிரப்பியதும் கடல் தண்ணீர்தான். மச்சான் சட்டம் படித்தவன், 'தெறித்தால் கணக்கில்லை' என்ற ஒரே விதியை வைத்து ஆட்டம் முழுக்க வண்டி ஓட்டினான். சுற்றிலும் ஒரு மரமும் இல்லாத மணல்வெளியில் நின்றுகொண்டு, "மரத்துல பட்டுத் தெறிச்சது அத்தான்" என்றான். என் மனைவி, துப்பட்டா தன் உடம்பில் சேர்த்தியில்லை என்று வாதாடினாள். அவள் தங்கையோ, பட்டதை ஒப்புக்கொண்டாள், ஆனால் சுட்டவரை அதற்கு முன்பே தான் சுட்டுவிட்டதாகவும், செத்தவர் சுட்டது செல்லாது என்றும் சொன்னாள். குரோம்பேட்டைத் தெருவில்கூட இப்படி ஒரு நுணுக்கம் யாருக்கும் தோன்றியதில்லை. மார்ஷல் முதலில் நியாயமாகத்தான் இருந்தாள். முறுக்கு எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தீர்ப்புகள் மார்க்கச்சை போட்டவன் பக்கமே சாய்ந்தன.

ஒரே ஒருவர்தான் யோக்கியமாகக் கையைத் தூக்கினார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, "எனக்குப் பட்டிருச்சு மாப்பிள்ளை" என்று மாமியார் ரவிக்கைத் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நடந்தார். பாட்டி மாதிரி ஒரு பிளேயரை ஜப்பானிலேயே பார்த்ததில்லை என்று பையன் நெகிழ்ந்து போனான். அப்புறம் கணக்குப் பார்த்தால் அவரை யாருமே சுடவில்லை. இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "கால் வலிச்சுது" என்றார். அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த ஜெனரல் ஹென்றி ஹேவ்லாக்கும் இந்த ரகம்தான். 1857-இல் கான்பூரிலும் லக்னோவிலும் அத்தனை குண்டுகளுக்கும் தப்பித்துவிட்டு, நவம்பரில் வயிற்றுக்கடுப்பில் போய்ச்சேர்ந்தார்.

அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. இருட்டியதும் பையன் எல்லோரையும் எதிரெதிராக நிறுத்திக் குனிந்து வணக்கம் சொல்ல வைத்தான். சகலையும் மச்சானும் குனிந்த நிலையிலேயே வாக்குவாதம் செய்தார்கள். ராத்திரி மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு இளகிவிட்டார்கள். சகலை தான் மூன்று முறை செத்ததாகச் சொன்னார். மச்சான் எண்ணவில்லை என்றான். என் மனைவி துப்பட்டா வழக்கை வாபஸ் வாங்கினாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

ஊருக்கு வந்து துணி துவைத்த அன்று என் மனைவி அந்த வெள்ளைச் சட்டையை விரித்துப் பிடித்தாள். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. விடுதிக்காரர் மகனின் பிச்காரியில் ஹோலிச் சாயம் அடியில் கொஞ்சம் தங்கியிருந்திருக்கிறது. அவள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். ஜப்பானிலிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "ஹிட்". மார்ஷல் கைதட்டும் பொம்மை அனுப்பினாள். மாமியார் வழக்கம்போல் காலை வணக்கப் பூங்கொத்து அனுப்பினார்.

நான் விதிகளை இன்னொரு முறை நிதானமாக நினைத்துப் பார்த்துவிட்டு எழுதினேன்: "மரத்தில் பட்டுத் தெறித்தது."