சேரம்பாடியார் திக்விஜயம்

உலகில் பயணம் போனவர்கள் பலர் உண்டு. பாவம், அவர்களுக்கெல்லாம் பணம் செலவாகியிருக்கிறது. தலைக்கு 999 ரூபாயில், ஒரு சனி ஞாயிறுக்குள், ஒரு மலைத்தொடரையும் ஒரு முன்னாள் பிரெஞ்சு ராஜ்யத்தையும் அரபிக்கடலையும் வென்று திரும்பிய மகாவீரர்கள் எங்கள் சேரம்பாடியில் மட்டுமே வாழ்கிறார்கள். மொத்தம் ஐவர். ஆறாவதாக ஒட்டிக்கொள்ளும் பெரும்பேறு அடியேனுக்கு வாய்த்தது. வண்டி அடியேனுடையது என்பது தற்செயல்.

எங்கள் குழுத் தலைவரின் இயற்கைப் பற்றை முதலில் போற்றியாக வேண்டும். டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, மலையைக் கெடுக்க வரும் வெளியூர் வண்டிகளை நம்பர் பிளேட் வாரியாகச் சபிப்பது அவருடைய நித்திய பூஜை. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறில் 8,000 சுற்றுலா வண்டிகளே வரலாம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியபோது, “எட்டாயிரமே ஜாஸ்தி” என்று தீர்ப்புக்கே திருத்தம் அருளியவர். நம் தேயிலைச் செடிக்கடியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தாலும் அவருக்குக் கண் கலங்கும். இந்தக் கொள்கை கேரள எல்லையிலுள்ள சோலாடி செக்போஸ்ட் வரை செல்லுபடியாகும். எந்தக் கொள்கைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

விடிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். யானை நடமாடும் நேரம். அந்த வேளையில் டேன்டீ தோட்டங்களுக்கு நடுவே முழுச் சத்தத்தில் குத்துப்பாட்டு ஒலிக்கச் சென்றது, காட்டு ஜீவன்களுக்கும் இசையறிவு வேண்டும் என்ற கருணையால்தான். லயத்தில் முந்திய நாள் கொழுந்து பறித்துக் களைத்துத் தூங்கியவர்களுக்கும் அந்தக் கருணை சென்று சேர்ந்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஐந்து இருக்கை என்று போட்டிருக்கும் வண்டியில் ஆறு பேர், ஒரு ஸ்டவ், ஒரு தூக்குச்சட்டி புளிச்சோறு, அவித்த முட்டை முப்பது. என் மடியில் வீற்றிருந்தருளியவர் பொருளாளர்.

மேப்பாடி வந்ததும் ஒளிப்பதிவாளரின் பூ நெஞ்சம் நெகிழ்ந்தது. 2024 ஜூலை 30 விடிவதற்குள் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போய், இருநூறுக்கும் மேற்பட்டோர், நம்மைப் போன்ற தோட்டக் குடும்பங்களும் சேர்த்து, மாண்ட இடம் பக்கத்தில்தான். பேரழிவை வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்று அன்றைக்கே கேரள போலீஸ் கெஞ்சியது. “அது கூட்டமா வர்றவங்களுக்கு மச்சான், நாம ஆறே பேருதானே” என்று சட்டத்தின் நுட்பத்தை விளக்கினார் ஒளிப்பதிவாளர். நேரம் போதவில்லை. ஆகவே அந்தத் திசையை மட்டும் பின்னணியாக வைத்து, இரண்டு விரல் உயர்த்தி, சோகப் பாட்டுச் சேர்த்து அஞ்சலி செலுத்தினார். கல்பற்றா தாண்டுவதற்குள் நாற்பது லைக்.

லக்கிடியில் ஒரு மரத்தைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரனுக்கு மலைவழி காட்டிய கரிந்தண்டன் என்ற பணியர் குலத்து இளைஞன், காட்டியதற்குக் கூலியாகக் கொல்லப்பட்டான் என்பதும், அவன் ஆவியை அந்தச் சங்கிலியில் பிணைத்தார்கள் என்பதும் பழங்கதை. நம் பந்தலூர் பக்கத்துப் பணியர்களுக்குச் சொந்தக்காரன். எங்கள் குழு அங்கே பயபக்தியோடு இறங்கி, ஒதுங்கிவிட்டு, ஏறிக்கொண்டது. அதன் பிறகு தாமரசேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒளிப்பதிவாளர் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே தரிசனம் தந்தார். எதிரே வந்த பஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டதாகத்தான் தலைவர் சொன்னார். எனக்குக் கையின் கோணம் வேறாகத் தெரிந்தது.

கோழிக்கோட்டுக் கடற்கரையில் உப்பிலிட்ட நெல்லிக்காயும் அன்னாசியும் விற்கும் ஒரு பெரியவரிடம் இருபது ரூபாய்ப் பொருளைப் பன்னிரண்டுக்கு இறக்க, பொருளாளர் முப்பத்தைந்து நிமிடம் தவமியற்றினார். மலையாளம் எல்லைக்காரர்களான எங்களுக்கு இரண்டாம் தாய்மொழி. ஆனாலும் 1872இல் ஹெர்மன் குண்டர்ட் வெளியிட்ட மலையாள அகராதியில் இடம்பெறத் தவறிய சொற்கள் பலவற்றை அன்று பொருளாளர் அந்த மொழிக்கு நன்கொடையாக வழங்கினார். கிழவர் கடைசியில் காசே வாங்காமல், போனால் போதும் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். விருந்தோம்பலில் கோழிக்கோட்டை மிஞ்ச முடியாது!

1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய காப்பாடு, வழியில்தான் இருக்கிறது. 2020இல் நீலக்கொடி பெற்ற சுத்தமான கரை. அங்கே பார்க்கிங்குக்குப் பணம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டதால் காமாவைத் தள்ளுபடி செய்தோம். அவர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலோட்டி வந்தது இந்தச் சிக்கன சூத்திரம் தெரியாததால்தான்.

ஆனால் மாஹி என்கிற மய்யழியைத் தள்ளுபடி செய்ய முடியுமா? 2024 மார்ச்சில் தலச்சேரி–மாஹி பைபாஸ் திறந்த பிறகு அந்த ஊரைத் தொடாமலே போகலாம். அது நன்றிகெட்ட செயல் என்று தலைவர் பழைய ரோட்டிலேயே விடச் சொன்னார். ஒன்பது சதுர கிலோமீட்டர் நிலம், 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த நிலம், எம். முகுந்தன் 1974இல் ஒரு நாவலுக்குள் அந்த ஆற்றையும் அதன் மனிதரையும் நிரந்தரமாகக் குடிவைத்த நிலம். அங்கே புனித தெரேசா ஆலயத்தின் முன்னால் வண்டி நிற்கக்கூட இல்லை. பிரெஞ்சுப் பண்பாட்டின் ஊற்றுக்கண்ணை நேரே சென்றடைந்தார் தலைவர். புதுச்சேரி வரி விகிதத்தில் அது கவுண்டரில் கிடைத்தது. பெட்ரோலும் மலிவு என்பதால் டேங்க் நிறைந்தது. அந்த லிட்டர் கணக்கில் மிச்சமானதை அப்படியே இன்னும் இரண்டு பாட்டிலாக மாற்றிய பொருளாளரின் நிதி மேதைமையை நாட்டின் நிதி அமைச்சகம் அறியாமல் இருப்பது துரதிர்ஷ்டம். கேரளத்துக்குள் அதைக் கொண்டுபோவது குற்றம் என்பதால், என் ஸ்டெப்னி டயர் நடுரோட்டில் இறக்கப்பட்டு, அதன் இடத்தில் பிரான்ஸ் ஏற்றப்பட்டது.

அன்றிரவு ஒரு லாட்ஜில் இருவருக்கு என்று அறை எடுத்து, அரைமணிக்கு ஒருவராக நால்வர் நுழைந்த ராஜதந்திரத்தைக் கௌடில்யர் பார்த்திருந்தால் ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார். காலையில் அறையைப் பெருக்க வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் நினைவாக நாங்கள் விட்டுச் சென்றவற்றின் அளவு அப்படி.

திக்விஜயத்தின் சிகரம் முழப்பிலங்காடு. நாலு கிலோமீட்டர் அளவுக்கு இறுகிய மணல், கார் ஓட்டவே கடவுள் தட்டிப் போட்டது போல. எதிரே பச்சைத் திட்டாகத் தர்மடம் தீவு. அந்த அழகை நின்று பார்த்தால் நேரம் விரயம் என்பதால் என் வண்டி அலைக்குள் வட்டமிட்டது. ஒளிப்பதிவாளர் பதினேழு முறை மறு டேக் கேட்டார். வலை காய வைத்திருந்தவர்கள் கூவி எச்சரித்தார்கள். ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு தலைவர் கையசைத்தார். கடல் ஏறியது, சக்கரம் இறங்கியது. கூவிய அதே மீனவர்கள் பத்துப் பேர் கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு மணி நேரம் இழுத்தார்கள். கூலி கொடுத்தால் உதவியின் தூய்மை கெட்டுவிடும் என்பதை உணர்ந்த தலைவர், அவர்களோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். புறப்படும்போது மணலில் பாட்டில்கள் நட்டபடி நின்றன. எண்ணினேன்: பதினொன்று. பொறுக்கலாமா என்று கேட்டதற்கு, “விடு மச்சான், கடலம்மா எடுத்துக்குவா” என்றார். ஊர்க் கடவுளர்கள் மீது என்ன நம்பிக்கை!

திரும்பும் வழியிலேயே கணக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பைசா பிசகாமல் தலைக்கு 999. வண்டி என்ற வரியில் சைபர்.

சோலாடி தாண்டி நம் மண்ணில் ஏறும்போது இருட்டிவிட்டது. இப்போது ஸ்டியரிங் என் கையில். முன்னால் ஒரு கேரளப் பதிவெண் கார். அதன் ஜன்னலிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து தேயிலைச் செடியில் விழுந்தது. பின்சீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தலைவர் சிலிர்த்து எழுந்தார். “நம்ம மலைய நாசம் பண்ண வர்றானுங்க, பாருடா. அடிடா ஹாரன!” என்று முழங்கினார்.

அடித்தேன். உப்புத் தண்ணீர் ஏறியிருந்ததால் சத்தம் வரவில்லை.