அராஜகமாம், அராஜகம்!

சர்வதேச அரசியல் படிக்கப் போனால் முதல் நாளே ஒரு சொல்லைக் கையில் திணித்து அனுப்புவார்கள்: அராஜகம். நாடுகளுக்கு மேலே அரசு கிடையாது, போலீஸ் கிடையாது, அவரவர் பாடு அவரவர்க்கு. கென்னத் வால்ட்ஸ் 1979-இல் இதை வைத்தே ஒரு கோட்பாடு கட்டினார். பேராசிரியர்கள் இன்றும் அதில் குடியிருக்கிறார்கள்.

1994-இல் இனப்படுகொலை நடந்த ருவாண்டாவைப் பாருங்கள். எங்கே ஐயா அராஜகம்? எல்லாம் கல்யாண வீட்டு ஒழுங்கோடு அல்லவா நடந்திருக்கிறது!

ஏப்ரல் 6 இரவு அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, வெட்டு தொடங்கியது. சில நாளிலேயே வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போக விமானங்கள் கிகாலிக்கு வந்துவிட்டன. அங்கே ஒரு தொழிற்பள்ளியில், ஐ.நா.வின் பெல்ஜிய அமைதிப்படையை நம்பி இரண்டாயிரம் பேர் ஒதுங்கியிருந்தார்கள். வெளியே வெட்டுக்கத்தியோடு ஆட்கள் காத்திருந்தது படைக்கும் தெரியும். 11-ஆம் தேதி படை வண்டியைக் கிளப்பியது. அன்றே அந்த மக்களில் பெரும்பாலோர் பிணமானார்கள்.

நிறுவனங்கள் இருந்தால் நாடுகள் ஒத்துழைக்கும் என்பது தாராளவாதிகளின் நம்பிக்கை. ஒத்துழைத்தார்களே! ஏப்ரல் 21-இல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், சுமார் 2,500 பேர் இருந்த அமைதிப்படையை 270 ஆக வெட்டியது. தீர்மானம் 912. பதினைந்துக்குப் பதினைந்து வாக்கு. அந்தப் பதினைந்தில் ஒன்று ருவாண்டாவுடையது. அந்த ஆண்டு அது தற்காலிக உறுப்பினர். கொலைகார அரசின் தூதர் பஞ்சாயத்துத் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகூட உட்காரவில்லை.

சொல்லும் கருத்தும்தான் உலகை ஆக்குகின்றன என்பார்கள் ஆக்கவாதிகள். வாஷிங்டன் அந்தப் பாடத்தைத் தலைகீழாகக் கற்றிருந்தது: சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. 'இனப்படுகொலை' என்று வாய் திறந்தால் அதைத் தடுக்கச் சொல்லும் 1948 உடன்படிக்கை சட்டையைப் பிடிக்குமே! ஆகவே 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்தன என்றார்கள். எத்தனை செயல் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை என்று ஜூனில் ஒரு நிருபர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் தான் இல்லை என்றார் வெளியுறவுத் துறைப் பேச்சாளர். கசாப்புக் கடைக்காரன்கூட இவ்வளவு கவனமாக எடை போடமாட்டான்.

மே மாதம் 5,500 பேரை அனுப்ப அதே கவுன்சில் ஒப்புதல் தந்தது. ஆள் வரவில்லை. அமெரிக்கா தருவதாகச் சொன்ன 50 கவச வண்டிகளுக்கு வாடகை எவ்வளவு, ஏற்றுகூலி யார் தலையில் என்று வாரக்கணக்கில் பேரம். யதார்த்தவாதிகளுக்கு இதில் வியப்பே இல்லை: எண்ணெய்க் கிணறு இல்லாத மலைநாட்டில் யாருக்கு என்ன நலன்? வியப்படையாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள்.

நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர்.

1998 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் கிகாலிக்கு வந்தார். அந்தக் குற்றத்தை உரிய பெயரால் உடனே அழைக்கத் தவறிவிட்டோம் என்றார். சில மணி நேரம் இருந்தார், விமான நிலையத்திலேயே. ஊருக்குள் போகவில்லை.