எழுவான்கரையிலும் 192.168, படுவான்கரையிலும் 192.168

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பெயரைக் கேட்குமுன் எந்தக் கரை என்று கேட்பவர்களும் உண்டு. கணினிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. கல்லடி வீட்டிலும் கொக்கட்டிச்சோலை வீட்டிலும் ரவுட்டர் கொடுக்கும் இணைய விலாசம் பெரும்பாலும் 192.168 என்றே தொடங்கும். டொரொண்டோவிலுள்ள மச்சான் வீட்டிலும் அதேதான்.

காரணம் தட்டுப்பாடு. நான்கு எண்களாலான பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி விலாசங்கள். உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. இரண்டே மாதத்தில் ஆசிய பசிபிக் பங்கும் அடிமட்டத்தைத் தொட்டது. நல்லவேளை, 192.168 உட்படச் சில எண்களை 1996இலேயே 'உள்வீட்டுப் பாவனைக்கு மட்டும்' என்று ஒதுக்கிவிட்டார்கள். வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும், வாவித் தண்ணீர் முகத்துவாரத்தால் கடலுக்குப் போவதுபோல, ரவுட்டரின் ஒரே விலாசத்தால் வெளியே போய்வரும்.

விலாசத்தைக் கணினி தானாகவே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு 1993இலேயே வந்துவிட்டது. அதைத் தொடாமல் விட்டால் போதும். ஆனால் விருந்துக்கு வரும் மருமகன், கையால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். பிறகு ரவுட்டர் அதே எண்ணை யாருடைய கைப்பேசிக்கோ கொடுக்க, இரண்டும் மோதிக்கொள்ளும்.

"இன்டர்நெட் ஏன் மனே வருதில்ல?"

"லைன் பிழை, மாமி."

லைன் பாவம்.

சில வேளை 169.254 என்று தொடங்கும் எண் தெரியும். ரவுட்டரிடம் கேட்டும் பதில் கிடைக்காததால் கணினி தனக்குத்தானே விலாசம் சூட்டிக்கொண்டது என்று பொருள். அதற்கும் மருமகனிடம் விளக்கம் தயார்: மாரி மழை. நடப்பது ஜூலை மாதம்.