சுவரின் மேலிருந்து ஒரு கை

கேள்வி: தடை ஓட்டத்தில் சேற்றில் புரண்டு எழுந்தால் தலைமைப் பண்பு வந்துவிடுமா?

பதில்: சேறு மட்டும் போதுமென்றால் எருமைகள்தான் நிறுவனங்களை நடத்தும்! ஆனால் சேற்றைத் தாண்டியதும் வரும் சுவரிடம் கற்க நிறைய உண்டு.

2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டஃப் மடர்' ஓட்டத்தையே பாருங்கள். முழுத் தூரம் சுமார் 16 கிலோமீட்டர். நேரத்தைவிடக் கூட்டாளியே முக்கியம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்குவார்கள். முள்கம்பிக்கு அடியில் தவழ்வது, பனிக்கட்டித் தொட்டியில் முங்குவது எல்லாம் உடம்பின் பாடு. என் மனசு நிற்பது 'எவரெஸ்ட்' என்ற தடையில். அலைபோல வளைந்து உயரும் வழுக்குச் சுவர் அது. எவ்வளவு வேகமாக ஓடிவந்து பாய்ந்தாலும் பலருக்கு விளிம்பு எட்டாது. மேலே யாராவது குப்புறப் படுத்துக் கை நீட்ட வேண்டும். நீட்டுகிறவர் யார்? சற்றுமுன் அதே விளிம்பில் தொங்கியவர். கீழே நிற்பவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. முன்னே பாதை திறந்து கிடக்க, திரும்பிப் படுக்கிறாரே, அதைத்தான் நான் தலைமை என்பேன்.

அந்தக் கையைப் பற்றுவது இன்னும் கடினம். வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாச் சுமையையும் தானே தாங்கிப் பழகியவர், 'நானே ஏறிக்கொள்கிறேன்' என்று நாலு முறை சறுக்குவார். ஐந்தாவது முறைதான் கை மேலே போகும். அப்போதும் விரலை மட்டும் கொடுக்கக் கூடாது, சேறு வழுக்கிவிடும். மணிக்கட்டைக் கொடுக்க வேண்டும்.