சென்டர்ல ரூம் போட்டவர்

வியன்னாவில் அவரைப் பார்க்க எந்த அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டாம். அரசு ஓபரா மாளிகையைச் சுற்றியுள்ள ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஏதாவது ஒன்றில், காலை பத்தேகால் மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பாருங்கள். பஃபே பத்தரைக்கு மூடும். மூடிவிடப் போகிறார்களே என்ற பதைப்பில் நான்காவது சுற்றுக்கு எழுந்து போகிறாரே, அவர்தான். எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். நம்மூர்க்காரராக இருந்தால் கைப்பையில் ஒரு ஊறுகாய் பாட்டில் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய கொள்கை எளிமையானது. "ஓட்டல்ங்கறது தூங்கத்தான். ஆனா சென்டர்ல போட்டுடணும். அதுதான் நமக்கு பேஸ். அங்கேருந்து எல்லாம் நடக்கிற தூரம்." இந்த நடக்கிற தூரத்துக்காக அவர் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கும் காசில், சுரங்க ரயில் போகிற ஏதாவதொரு சாதாரணப் பேட்டையில் பல நாள் தங்கலாம். ஆனால் அவர் சொல்வதில் தப்பில்லை. தெருவைக் கடந்தால் அல்பெர்ட்டினா அருங்காட்சியகம். ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் துயில்கிற கப்பூச்சின் நிலவறைக்கு ஐந்து நிமிடம். புனித ஸ்டீபன் பேராலயத்துக்குப் பத்து நிமிடம், ஹோஃப்பர்க் அரண்மனைக்கும் ஏறக்குறைய அதே. வந்த அன்றே வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டுப் பார்த்துக்கொள்வார். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது உறுதியானதும் மனம் நிறைந்துவிடும். மனம் நிறைந்ததும் காலை நீட்டிக்கொள்வார்.

"பக்கத்துலதானே இருக்கு, எங்கே ஓடிப்போகப் போகுது?" என்பார். பேராலயமும் தன் பங்குக்கு எங்கும் ஓடாமல் அங்கேயே நிற்கும். கோயில் வாசலில் குடியிருப்பவர் அர்த்தஜாம பூஜையைப் பார்த்திருக்க மாட்டார் இல்லையா, அந்தக் கதைதான்.

அதற்காக அவரைச் சோம்பேறி என்றால் பாவம் வந்து சேரும். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து ஹால்ஸ்டாட் ஏரிக்குப் போய்வருவார். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவு. மறுநாள் ரயிலேறி பிராத்திஸ்லாவா. அதற்கு மறுநாள் பார்ன்டார்ஃபில் தள்ளுபடிக் கடைகள். ஒரு மணி நேரத்தில் இன்னொரு தேசத்தின் தலைநகரத்துக்கே போய்விடுகிற மனிதர், எதிர்த்தெருவுக்குப் போகாததற்கு ஒரே காரணம் அது எதிர்த்தெருவாக இருப்பதுதான். அல்பெர்ட்டினாவைத் தூக்கிக்கொண்டு போய் நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் முதல் நாளே பார்த்திருப்பார்.

அறை என்று வந்துவிட்டால் மட்டும் அவரிடம் ஆராய்ச்சியாளரின் நுணுக்கம் வந்துவிடும். தலையணைக்கு அங்கே தனி மெனு அட்டை உண்டு. வாத்து இறகு, குதிரை ரோமம், கழுத்து வலிக்காரர்களுக்கு ஒன்று என்று. ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றாக வரவழைத்துச் சோதிப்பார். 68 ஆண்டுகள் ஆட்சி செய்த பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் சாதாரண இரும்புக் கட்டிலில் படுத்து, இருட்டோடு எழுந்து, கோப்புப் பார்க்க உட்கார்ந்துவிடுவாராம். பேரரசரின் ஊருக்கு வந்து சிக்கனத்தையெல்லாம் பேரரசருக்கே விட்டுக்கொடுத்த பெருந்தன்மை நம்மவருடையது. குளியலறைக் குழாயைத் திறந்தால் 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் கொட்டும். அவரோ மினிபாரில் இருக்கும் பாட்டிலைத் திறந்து, விலையைப் பார்த்து, மெதுவாகக் குடிப்பார்.

ஓபரா தெரிகிற ஜன்னல்தான் வேண்டும் என்று அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டியிருப்பார். போவது குழந்தைகளின் கோடை விடுமுறையில். ஓபராவுக்கும் ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. 1869-ல் திறந்து, 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்து, 1955-ல் மறுபடியும் எழுந்த அந்த மாளிகையை அவர் திரைச்சீலையை விலக்கி, இரவில் விளக்கு போட்டதும் படம் பிடிப்பார். "ஓபரா எப்படி?" என்று யாராவது கேட்டால் "லைட்டிங் பிரமாதம்" என்பார். பொய்யில்லை.

ஒரே ஒரு விஷயத்துக்கு வரிசையில் நிற்பார்: ஸாஹர் கேக். 1832-ல் ஆஸ்திரிய சான்சலர் மெட்டர்னிக்கின் விருந்துக்குப் பதினாறு வயதுப் பயிற்சிப் பையன் ஃபிரான்ஸ் ஸாஹர் செய்ததாகச் சொல்லப்படும் சாக்லேட் கேக் அது. அவர் மகன் எடுவார்ட் 1876-ல் ஓபராவுக்குப் பின்னால் திறந்த ஓட்டலுக்கும் டெமல் மிட்டாய்க் கடைக்கும், 'அசல்' என்று சொல்லிக்கொள்ள யாருக்கு உரிமை, ஆப்ரிகாட் ஜாம் நடுவில் இருக்க வேண்டுமா மேல்பூச்சுக்குக் கீழே மட்டுமா என்று கோர்ட் வரை போய், 1963-ல்தான் சமாதானம் ஆயிற்று. நம்மவர் இதில் ஸாஹர் கட்சி. டெமல் கேக்கைச் சாப்பிட்டதில்லை. அது பத்து நிமிட நடை.

ஒன்றை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். அந்த ஓட்டல்களும் சரித்திரம்தான். 1857-ல் கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி ஃபிரான்ஸ் யோசெஃப் உத்தரவு போட்டதால் பிறந்தது ரிங் சாலை. அதன் ஓரம் ஒரு இளவரசர் கட்டிய அரண்மனைதான் 1873 உலகக் கண்காட்சிக்காக இம்பீரியல் ஓட்டல் ஆனது. ஆகவே அங்கே லாபியில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவகையில் அருங்காட்சியகத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன, அருங்காட்சியகத்தில் மாலையானால் மணியடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

காலர் மடிப்பில் தங்கச் சாவிகள் குத்திய கான்சியர்ஜ் பெரியவரிடம் தினமும் போய், "இன்னிக்கு என்ன பாக்கலாம்?" என்று கேட்பார். பெரியவர் புது வரைபடம் எடுத்து அதே இடங்களுக்கு அதே வட்டங்களைப் போட்டுத் தருவார். ஊருக்குப் போகும்போது பெட்டியில் தலைக்கு மூன்று வரைபடம் இருக்கும்.

அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் வீட்டம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படி ஏறுவார். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகல் 1563-ல் வரைந்த பாபேல் கோபுரத்தின் முன்னால் நின்று, அதில் கல் சுமக்கிற பொடி மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். நிலவறையில் பேரரசி மரியா தெரேசாவின் சவப்பெட்டியைப் பார்த்து, "அம்மாடி, எவ்ளோ பெரிசு!" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். திரும்பி வந்து, "ஏங்க, எழுந்திருங்க, காபி வந்துடுச்சு" என்பார்.

ஊர் திரும்பியதும் அவர் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, "நாங்க எல்லாத்தையும் பாத்துட்டோம்" என்று ஆரம்பிப்பார். அவசியம் போய்வாருங்கள். ஓட்டலைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளலாம், ஒரு வார்த்தை பிசகாது. வியன்னாவைப் பற்றித் தெரிய வேண்டுமானால், பக்கத்து நாற்காலியில் பேசாமல் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவைக் கேளுங்கள்.