காத்துக்கு ஞாயித்துக்கெழம தெரியாது

வா தம்பி, குந்து. கார் மேல சர்ஃபிங் பலகையக் கட்டிக்கினு சென்னையிலேர்ந்து கோவளம் வந்துட்ட. டிபன் முடிச்சு, காபி குடிச்சு வந்து சேரச் சொல்ல மணி 11. இப்ப கடலப் பாத்து, "இன்னா தாத்தா, ஒரே நுரையா கீது"ன்னு என்னியக் கேக்கற. நானா கலக்குனேன்?

ராவெல்லாம் தரை ஆறிக் கெடக்கும். விடியச் சொல்ல கரைக்காத்து மேக்கேர்ந்து கடலுக்குப் போவும். வர்ற அலைக்கு எதுத்தாப்புல வீசி, சட்டுனு கவுந்துடாம நிமித்திப் புடிக்கும். அதான் உன் பலகைக்கு நேரம். வெயில் ஏறி மணல் காஞ்சுதுன்னா, கடக்காத்து உள்ள பூந்து அலைய முதுகுல தள்ளிக் கவுத்துடும். நீ தூங்கச் சொல்ல அலை நல்லாத்தான் இருந்துச்சு. உன்ன எழுப்பற வேலையும் அதுக்கா?

போனக் காட்டி, "2 மீட்டர் அலைன்னு போட்டுருக்கான்"ங்கற. ஒசரத்த மட்டும் பாத்து மாப்ள புடிப்பாங்களா? ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தினி வினாடின்னு பாரு. 5, 6 வினாடின்னா பக்கத்துக் காத்து கெளப்புனது, சலசலப்புதான். 12க்கு மேல போச்சுன்னா, தெக்கால இந்துமாக்கடல்ல எங்கியோ அடிச்ச புயலு அனுப்புனது. அது பல நாளு நடந்து வந்துகீது. நீ ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிக்க மாட்டியா?

மாசமும் பாக்கணும். 2025 ஆகஸ்டுல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்துச்சே, நம்ம நாட்டு ரமேஷ் புதிஹால் வெங்கலம் வாங்குனாரே, அது தென்மேக்கேர்ந்து வர்ற கச்சான் காத்து காலம். ஐப்பசி, கார்த்திகையில வாடை எறங்கிடுச்சுன்னா எங்க ஃபைபர் போட்டே கரையில குந்திக்கும். அப்பவும் நீ லீவு போட்டு வருவ, தெரியும்.

ஒண்ணு சொல்றேன் கேளு. காத்தத் தொரத்திக்கினு ஈசிஆர்ல பெட்ரோல் ஊத்தாத. ஆனியிலேர்ந்து ஆவணி முட்டும் இங்கியே படு. எங்க மாடி ரூமு காலியாத்தான் கீது. ஜன்னல் மேக்க பாத்துது. கரைக்காத்து மூஞ்சில அடிச்சே எழுப்பிடும். அலை வராத நாளுக்கும் வாடகை உண்டு. அலைக்கும் எனக்கும் கூட்டு யாவாரம் கெடையாது பாரு. அட்வான்ஸ அந்த போன்லயே அனுப்பிடு தம்பி. இதுக்காச்சும் அது ஒதவட்டும்.