வாழைப்பழம் வாங்கப் போறவன் யாருடா உங்க பேண்டுல?

பேராண்டி, நீயும் உன் கூட்டாளிங்க மூணு பேரும் ராக் பேண்டு நடத்தறீங்க, அந்த பேண்டு படற கஷ்டத்தையே இப்ப காமெடிப் படமா எடுக்கப் போறீங்கன்னு உங்கம்மா சொன்னா. சந்தோஷம்டா. நீங்க வாசிக்கறத அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே வந்து கேட்டவன் நான். கஷ்டம் நெறைய கீதுன்னு அன்னிக்கே புரிஞ்சிது. ஆனா அந்தக் கஷ்டம் வாசிக்கறவனுக்கா, கேக்கறவனுக்கான்னு படத்துல கொஞ்சம் தெளிவா சொல்லிடு.

எடம் புடிச்சீங்க பாரு, அதுல மட்டும் மூளை கீது. 1964-ல அந்த எஸ்டேட்டு வந்ததுலேர்ந்து அங்க எங்கனா ஒரு லேத்தோ பவர் பிரஸ்சோ ஓடிக்கினேதான் கீது. அந்த சத்தத்துல உன் டிரம்மு எவன் காதுலயும் விழாது, எவனும் சண்டைக்கு வரமாட்டான். பக்கத்து ஷெட்டு செக்யூரிட்டி மட்டும் என்னாண்ட வந்து, "இன்னா பெர்சு, புது மிஷின் எறக்கிக்கிறாங்களா? பேரிங் போன சத்தம் வருதே?"ன்னான். "ஆமாம்பா, மெக்கானிக்குக்கு சொல்லி உட்ருக்குது"ன்னுட்டு வந்தேன். உன் மானத்தக் காப்பாத்தினது அப்பிடி.

படத்துக்கு இதான் மாதிரின்னு அந்த வெள்ளைக்காரப் படத்த லேப்டாப்புல போட்டுக் காட்டினியே, 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்', 1984-ல ராப் ரெய்னர் எடுத்தது. நல்லாத்தான் கீது. இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்காவுக்கு வாசிக்கப் போற பேண்டு. போற எடத்துலயெல்லாம் கூட்டம் கொறையுது, மானம் போவுது. எல்லார் ஆம்ப்ளிபையர்லயும் பத்து வரைக்கும் நம்பர் இருந்தா, எங்களதுல பதினொண்ணு வரைக்கும் கீதுன்னு ஒருத்தன் பெருமை பீத்திக்கறான். நம்ம மைக் செட்டுக்காரன் அத்தப் பாத்தா சிரிக்க மாட்டான். அவன் ஆம்ப்ளிபையர்ல நம்பரெல்லாம் அழிஞ்சிபோயி எத்தினியோ வருஷமாச்சு. அப்பால, ஸ்டோன்ஹெஞ்சுன்னு அவங்க ஊர்ல கீற பழங்கல்லு மாதிரி மேடைக்கு 18 அடியில ஒண்ணு செய்யச் சொல்லி எழுதிக் குடுக்கறான். அடின்னு போட வேண்டிய எடத்துல அங்குலம்னு குறிச்சிட்டான். முட்டி ஒசரத்துக்கு ஒரு கல்லு மேலேர்ந்து எறங்குது. நானும் விழுந்து விழுந்துதான் சிரிச்சேன். ஆனா அத்த அப்பிடியே உருவி நம்ம படத்துல வெச்சிடாத, எடுபடாது. ஆவடி ரோட்டுல கட்அவுட்டு கட்டறவன்கிட்ட 18 அங்குலம்னு எழுதிக் குடுத்துப் பாரு. அவனா 18 அடிக்குக் கட்டிட்டு, சாரம் கட்டின கூலியயும் சேத்து பில்லு நீட்டுவான்.

அந்தப் படத்துல நீ கவனிக்காத விஷயம் ஒண்ணு கீது. மைக்கேல் மெக்கீன், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர்னு நடிச்ச மூணு பேருமே நெசமா வாசிக்கத் தெரிஞ்சவங்க. வசனத்துல பாதிக்கு மேல எழுதி வெச்சதே இல்ல, வாயில வந்தத பேசினாங்க. தொழிலு தெரிஞ்சவன் வாயிலதான் அப்பிடி வரும். உங்களுக்கு வாசிக்கத் தெரியும்னு உங்கம்மா சொல்றா. அவ பெத்தவ, அவ சாட்சி செல்லாது.

நம்மாளுங்களும் பேண்டு படம் எடுத்தாங்க. 1979 சித்திரை ஒண்ணுக்கு 'நினைத்தாலே இனிக்கும்' வந்துது. பாலச்சந்தர் டைரக்ஷன், சுஜாதா கதை, எம்.எஸ்.வி. மியூசிக், கமலும் ரஜினியும் ஒரே பேண்டு. பாட்டெல்லாம் இன்னிக்கும் நிக்குது, அதுல நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா அதுல எவன் கஷ்டப்பட்டான்? சிங்கப்பூர்ல கச்சேரி பண்ணிக்கினு சுத்தறாங்க. பூர்ணம் விஸ்வநாதன் வந்து, சிகரெட்ட பத்து தபா விடாம தூக்கிப் போட்டு வாயில புடிச்சா டொயோட்டா காரு உனுக்கு, தப்பிச்சின்னா உன் வெரலு எனுக்குன்னு ரஜினியாண்ட பந்தயம் கட்றாரு. பந்தயத்துல வெக்கறதுக்கே காரு கீற படம்டா அது. நீங்க கீபோர்டு தூக்கிக்கினு வர்றது ஷேர் ஆட்டோவுல, அதுலயும் கீபோர்டுக்கு ஒரு ஆளு காசு கேக்கறான்னு சண்டை.

கஷ்டப்படற பேண்டு, அதுவும் காமெடின்னா, தமிழ்ல அத்த எப்பவோ எடுத்துட்டாங்க. 'கரகாட்டக்காரன்'. சிரிக்காத, சொல்றதக் கேளு. முன்னாடி நிக்க ஒரு ஆளு வேணும், ஜிகினா போட்டுக்கினு ஆடணும், பொம்பளைங்க வாயப் பொளந்து பாக்கணும்: ராமராஜன். டிரம்முக்கு பதிலா தவில், அதுக்கு கவுண்டமணி, செட்டுக்கு மேனேஜரும் தானேன்னு அவரே நெனச்சிக்கினு கீறாரு. லீடு வாசிக்க நாதஸ்வரம், அதுக்கு செந்தில். ஊர் ஊரா போறதுக்கு வண்டி ஒண்ணு, அது ஓடினதவிட இவங்க தள்ளினதுதான் அதிகம். போட்டி செட்டு ஒண்ணு, அதுல கனகா. இன்னாடா கொறைஞ்சி போச்சு? கிட்டாரு ஒண்ணுதான் இல்ல.

அந்த வாழைப்பழ சீனு ஊருக்கே தெரியும். ரெண்டு வாங்கியாடான்னு கவுண்டமணி செந்திலாண்ட காசு குடுத்து அனுப்பறாரு, ஒண்ணுதான் வருது, இன்னொண்ணு எங்கடான்னா அதான் இதுங்கறான். முட்டாப்பயலும் அடிக்கறவனும் பண்ற கூத்துன்னுதானே நெனச்சிக்கினு கீற? அது கணக்கு கேக்கற சீனு. கச்சேரி முடிஞ்ச ராத்திரி ஒவ்வொரு செட்டுலயும் ஒக்காந்து பேசற பஞ்சாயத்து அதான். பேசினது பத்தாயிரம், கையில கீறது அஞ்சாயிரம், மீதி அஞ்சு எங்கன்னு கேட்டா, "அந்த அஞ்சுதாண்ணே இது"ன்னு கூசாம சொல்லுவான் ஒருத்தன். பழத்துக்கு பதிலா நோட்ட வெச்சா எவனும் சிரிச்சிருக்க மாட்டான். காரு சீனும் அப்பிடித்தான். தள்றவனுக்கு காரு ஏன் நின்னுச்சுன்னு கவலை இல்ல, அத்த முன்ன வெச்சிருந்தவ இப்ப யாராண்ட கீறாங்கறதுதான் கவலை. வண்டி நின்ன ராத்திரியில செட்டு ஆளுங்க பேசறது வேற இன்னாத்த? இந்த டிராக்கெல்லாம் எழுதினவரு ஏ. வீரப்பன். உங்க நாலு பேர்ல ஒருத்தனுக்கும் அந்தப் பேரு தெரியாதுன்னு பந்தயம் கட்டுவேன். என்னாண்ட காரு இல்ல, சைக்கிள் கீது.

அந்தப் படம் எப்பிடி அவ்ளோ சரியா வந்துதுன்னு யோசிச்சியா? எடுத்தவரு கங்கை அமரன். பண்ணைபுரத்து அண்ணன் தம்பிங்க அவங்க. பெரியவரு பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைங்கள்ல பாடிக்கினு ஊர் ஊரா போனவரு. இளையராஜா சின்ன வயசுலயே அந்த செட்டுல சேந்து பத்து வருஷம்போல சுத்தினாரு. மெட்ராசுக்கு வந்தப்பறம் எஸ்.பி.பி. நடத்தின கச்சேரி செட்டுல வாசிச்சாங்க, அதுல அமரனுக்கு கிட்டாரு. பாத்துக்கோ, ஆள் கிட்டாருக்காரருடா! பட்டினி, பேலன்ஸ் பாக்கி, விடிகாலை பஸ் ஸ்டாண்டு, எல்லாத்தயும் பாத்துட்டு வந்தவரு படம் எடுத்தாரு. 1989 ஜூன்ல வந்துது, மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடிச்சி. ரஹ்மான்கூட 'ரோஜா'வுக்கு முன்னாடி நெமிசிஸ் அவென்யூன்னு ராக் பேண்டு வெச்சிருந்தவருதான். ஆனா அவரு அத்தப் பத்தி படம் எடுக்கல, பாட்டு போடப் போயிட்டாரு. புத்திசாலி.

இன்னொண்ணும் பாரு. 1968-ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்', அதுலயும் ரெண்டு செட்டு, ஒரு போட்டி, ஒரு காதல். அதுல சிரிக்க வெக்கறது யாரு? தவில்காரரு, டி.எஸ். பாலையா. 'கரகாட்டக்காரன்'லயும் தவிலு. வெள்ளைக்காரன் படத்துல டிரம்மரு ஒருத்தன் மாத்தி ஒருத்தன் செத்துக்கினே கீறான். அடிக்கற வாத்தியத்துல இன்னாவோ கீது. உங்க டிரம்மர் பையன நல்லாப் பாத்துக்கோ, படத்துல தேறப்போறது அவன் ஒருத்தன்தான். நீ ஹீரோன்னு சொல்லிக்கினு கீற, சொல்லிக்கோ.

கங்கை அமரன் பாத்தது மேடை மேலேர்ந்து. நான் பாத்தது எதிர்ல ஒக்காந்து. நம்ம தெரு கோயில் கமிட்டிக்கு பொருளாளரா இருந்தவன் நான். திருவேற்காட்டுலேர்ந்து திருமுல்லைவாயல் வரைக்கும் ஆடி வந்தா தெருவுக்குத் தெரு கூழு, ராத்திரிக்கு லைட் மியூசிக்கு. எத்தினி செட்ட பேசி முடிச்சிருப்பேன்! எப்பிடி பேசுவேன்னு தெரியுமா? மொதல்ல, "போன வருஷம் வந்த செட்டு உங்கள விட நல்லா வாசிச்சாங்க, ஆனா பசங்க நீங்கதான் வேணுங்கறானுங்க"ன்னு சொல்லுவேன். அங்கியே ரெண்டாயிரம் எறங்கும். "டிபன் உண்டு"ன்னு சொல்லுவேன். டிபன் உண்டுதான், கூழு. "அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான்"னு சொல்லுவேன். அடுத்த வருஷம் பொருளாளர் வேற ஆளு. பேலன்ஸ் கேட்டா, "தலைவரு சாவிய எடுத்துக்கினு ஊருக்குப் போயிட்டாரு"ம்பேன். தலைவரு உண்டியலுக்குப் பின்னால ஒக்காந்து சிரிச்சிக்கினு இருப்பாரு. இதுல எத்தினி சீனு கீதுன்னு எண்ணிக்கோ. கதை இலாகான்னு என் பேரு போடணும், சொல்லிட்டேன்.

மேடை கதை தனி. ஏழு மணின்னு நோட்டீஸ் அடிப்போம், ஒன்பதுக்கு முன்னாடி மைக்கு அவங்க கைக்குப் போகாது. கவுன்சிலரு பேசணும், நன்கொடை குடுத்த மளிகைக்கடைக்காரருக்கு சால்வை போடணும், பத்தாவதுல பாஸ் பண்ண பொண்ணுக்கு டிபன் பாக்ஸ் குடுக்கணும். 2000-ம் வருஷத்து சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி ராத்திரி பத்துக்கு மேல ஒலிபெருக்கி கூடாது. போலீஸ்காரரு ஒன்பதே முக்காலுக்கே வந்து மேடையோரம் நிப்பாரு. மிச்சம் கீற ஒரு மணி நேரத்துல முக்கால்வாசி துண்டுச் சீட்டுக்குப் போயிடும். "கடைத்தெரு நண்பர்கள் சார்பாக" ஒரு பாட்டு, அதே நண்பர்கள் சார்பாக அதே பாட்டு மறுபடியும். நீங்களா எழுதின இங்கிலீசு பாட்ட எடுத்து வுட்டீன்னா மொத பல்லவியில ஜெனரேட்டர் நின்னுடும். தானா நிக்காது, நான் சொன்னாதான் நிக்கும்.

அப்பால பங்கு பிரிக்கறது. 1955 ஜனவரியில நேரு, காமராசரு எல்லாரும் ஆவடிக்கு வந்து காங்கிரஸ் மாநாடு போட்டாங்க, சோஷலிச மாதிரி சமுதாயம்தான் லட்சியம்னு தீர்மானம் போட்டாங்க. ஆவடியில போட்ட தீர்மானம் ஆவடி செட்டுக்கே வந்து சேரலடா. பாட்றவனுக்கு ஒரு பங்கு, கீபோர்டு வெச்சிருக்கறவனுக்கு ரெண்டு பங்கு, ஏன்னா கீபோர்டுக்கு இ.எம்.ஐ. கீது. வண்டி வெச்சிருக்கறவனுக்கு பெட்ரோலு. டிரம்முக்காரன் அன்னிக்குத்தான் புதுசா வந்தவன்னு சொல்லி அவனுக்கு பிரியாணி. உங்க நாலு பேர்ல இந்தக் கணக்க எழுதறவன் எவன்? அவன்தான் உங்க படத்து வில்லன். வெளிய தேடாத, செம்பரம்பாக்கத்துல ஈ.வி.பி. பிலிம் சிட்டிக்குப் போயி செட்டு போட்டு, கோட்டு மாட்டின கம்பெனி முதலாளி ஒருத்தன கூட்டியாந்து வில்லனாக்காத. வில்லன் உங்க ஷெட்டுலயே டீ குடிச்சிக்கினு கீறான்.

கதையில பொண்ண வெச்சா நோய் வெக்காத. அது 'நினைத்தாலே இனிக்கும்'ல பாலச்சந்தர் பண்ணாரு, அவருக்குத் தாங்கிச்சி. கடைசியில போட்டியில ஜெயிக்கறதா முடிக்காத. உங்க வாசிப்பக் கேட்டவன் எவனும் நம்ப மாட்டான். கங்கை அமரன் பாரு, கடைசியில ஹீரோவையும் ஹீரோயினையும் தீ மிதிக்க வுட்டுட்டாரு. நம்ம ஜனத்துக்கு அதுதான் கிளைமாக்ஸ், கிட்டாரு சோலோ இல்ல. சாமி வரணும், உடுக்கை அடிக்கணும், முன்வரிசை பொம்பள ஒருத்தி எழுந்து ஆடணும். உன் பேண்டு சத்தத்துக்கு எதுவுமே வராது, ஆஸ்பத்திரி வண்டிதான் வரும்.

ஆனா இதெல்லாம் ஒக்காந்து எழுதினா வராதுடா. பட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். அதுக்கும் தாத்தாவே ஒரு வழி வெச்சிருக்கறேன், அதுக்குத்தான் இவ்ளோ நேரம் பேசினேன். இந்த ஆடி மூணாவது ஞாயிறு நம்ம தெருவுல கூழு. பொருளாளர் பொறுப்பு மறுபடியும் நம்ம கையிலதான். செட்டு ஒண்ணு வேணும், எனக்கு வேண்டியவங்கன்னு உங்க பேரச் சொல்லி வெச்சிக்கிறேன். போன வருஷம் வந்த செட்டு உங்கள விட நல்லா வாசிச்சாங்க, ஆனா பசங்க நீங்கதான் வேணுங்கறானுங்க. ஆறாயிரம், டிபன் உண்டு. மொத மூணு பாட்டு அம்மன் பாட்டு. ஜெனரேட்டர் நீங்களே கொண்டாந்துடுங்க. அட்வான்ஸா? சொந்த தாத்தாவாண்ட அட்வான்ஸ் கேக்கறியேடா, உங்கம்மா உன்ன இப்பிடியா வளத்தா?